புதுச் சிறுகோளைத் தேட எந்தக் கணக்கு: மைனர் பிளானட் சென்டரா, ஹொரைசன்ஸா?

வாக்கியமா, திருக்கணிதமா என்ற வழக்கு தஞ்சை, கும்பகோணம் பக்கம் இன்னும் ஓயவில்லை. புதிதாகக் கண்டுபிடித்த சிறுகோளுக்கும் வால்மீனுக்கும் இப்படி இரண்டு பஞ்சாங்கங்கள் உண்டு: சிறுகோள் அளவீடுகளைத் திரட்டும் மைனர் பிளானட் சென்டர் தருவது ஒன்று, நாசாவின் ஜேபிஎல் நிறுவனம் இணையத்தில் நடத்தும் ஹொரைசன்ஸ் என்ற கணிப்புச் சேவை தருவது இன்னொன்று. உலகெங்கும் எடுத்த அளவீடுகள் முதலில் சென்டருக்குத்தான் போகின்றன. அவற்றை வாங்கித்தான் ஜேபிஎல் தன் கணக்கைப் போடுகிறது. ஆகவே, பொருள் கண்ணில் பட்டு எத்தனை நாளாயிற்று என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

முதல் சில நாட்களுக்கு, புதுப் பொருட்களை உறுதிப்படுத்தச் சென்டர் வைத்திருக்கும் பட்டியல்தான் கதி. தற்காலிகப் பெயரோடு அங்கே இருக்கும் பொருள் ஹொரைசன்ஸில் கிடைக்காது. இரண்டு மணி நேர அளவீட்டுக்கு ஏகப்பட்ட சுற்றுப்பாதைகள் பொருந்தும். அந்தச் சாத்தியங்களைப் புள்ளிக் கூட்டமாகப் பட்டியல் காட்டும். கூட்டம் ஒரு டிகிரிக்குப் பரந்து, உங்கள் கேமரா அரை டிகிரிதான் பார்க்கும் என்றால் அன்றைக்கு வேறு பொருளுக்குப் போங்கள்.

முறையான பெயர் கிடைத்த பிறகு ஹொரைசன்ஸே மேல். காரணம், 36-ஆம் எண் விவரம்: கணித்த இடம் எத்தனை விகலை (டிகிரியில் 60-இல் ஒரு பங்கு கலை, கலையில் 60-இல் ஒரு பங்கு விகலை) தப்பலாம் என்று வரிக்கு வரி சொல்லும். அடிவானத்துக்கு மேல் எத்தனை டிகிரியிலிருந்து காட்ட வேண்டும் என்ற உயர வரம்பையும் நாமே வைக்கலாம். திருவையாற்றுத் தென்னந்தோப்புக்குள் 20 டிகிரிக்குக் கீழே ஒன்றும் தெரியாது. விடியலுக்கு முன் கிழக்கே தாழ்ந்து வரும் வால்மீனுக்குத் தரங்கம்பாடிக் கடற்கரையில் 5 டிகிரி வைத்தாலும் சரி.

தவறுவது பெரும்பாலும் நிரப்பும் கட்டங்களில்தான். இடம் தராவிட்டால் பூமியின் மையத்திலிருந்து கணக்கு வரும். 15 லட்சம் கிலோமீட்டரில் போகும் சிறுகோள், கும்பகோணத்திலிருந்து (வடக்கு 10.96, கிழக்கு 79.38) பார்க்கையில் அதனால் கால் டிகிரி வரை தள்ளி நிற்கும். அடுத்தது ஆயத்தொலை. 2000-ஆம் ஆண்டு நட்சத்திரப் படத்தில் இன்றைய தேதிக்கான தோற்ற இடத்தை வைத்தால் 20 கலைக்கு மேல் பிசகும். ஹொரைசன்ஸில் 2000-ஆம் ஆண்டு ஆயத்தொலையில் வரும் 1-ஆம் எண் விவரத்தையே எடுங்கள். மூன்றாவது நேரம். இரண்டு கணக்கும் உலக நேரத்தில்தான் வரும். 15-ஆம் தேதி அதிகாலை 4:30 என்பது அங்கே 14-ஆம் தேதி 23:00. நிமிடத்துக்கு 10 விகலை ஓடும் பொருளுக்குத் தேதியை மாற்றிப் போட்டால் 4 டிகிரி தள்ளித் தேடுவீர்கள்.

வானத்தைத் திரையில் காட்டும் ஸ்டெல்லேரியம் மென்பொருள் திசை பார்க்க நல்லது, வசதியானது. ஆனால் அது சுற்றுப்பாதையைச் சூரியனின் ஈர்ப்பை மட்டும் வைத்து ஓட்டுகிறது. தூரத்து வால்மீனுக்குச் சில வாரம் தாங்கும். பூமியை ஒட்டி வருவதற்கு உதவாது.

சொந்தமாக அளப்பவர்களுக்கு, அளவீடுகளுக்குப் பொருந்தும் சுற்றுப்பாதையைப் போட்டுத் தரும் ஃபைண்ட் ஆர்ப் மென்பொருள் வேண்டும். நாலு அளவீட்டில் மூன்று அந்தப் பாதையோடு அரை விகலைக்குள் பொருந்தி, ஒன்று மட்டும் மூன்று விகலை விலகினால், அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள்: சிறுகோளின் மேல் மங்கலான நட்சத்திரம் ஒட்டியிருக்கும், அல்லது சென்சாரின் சூடான புள்ளி ஒன்றைக் குறித்திருப்பீர்கள். நாலும் ஓடும் திசையிலேயே தள்ளியிருந்தால் குற்றம் கடிகாரத்தில்; இணைய நேரத்தோடு மறுபடி பொருத்துங்கள். புது வால்மீனுக்கு முதலில் வரும் பாதை பல நேரம் பரவளையம் என்று வைத்துக்கொண்டு போட்டது, வாரத்துக்கு வாரம் மாறும். பழைய தாளை வைத்துக்கொண்டு தேடாதீர்கள்.

படம் எடுக்கும்போது ஒரு பிக்சல் 2 விகலை என்றால், அதே 10 விகலை வேகத்துக்கு 12 வினாடிக்கு மேல் திறந்து வைத்தால் கோடு விழும். 10 வினாடியாக 40 படம் எடுத்து, பொருள் ஓடும் வேகத்தில் நகர்த்தி அடுக்குங்கள். மார்கழியில் வயல் ஓரம் பனி கொட்டும். லென்ஸுக்குச் சூடேற்றும் பட்டை கட்டாமல் நாற்பதையும் முடிப்பது கஷ்டம்.