யாங்கோன்ல கம்ப்யூட்டர் ரிப்பேர்: கழட்டுன பார்ட்டைக் கையில திருப்பித் தர்ற கடை

கோயில்ல பாக்குறவங்க எல்லாம் "அக்கா, உங்க கம்ப்யூட்டர எங்க குடுத்து சரி பண்ணீங்க"ன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்லி முடியல, அதனால மொத்தமா எழுதிடுறேன். ரெண்டு கடைக்குப் போனேன். மொத கடை பேரு வேணாம். ரெண்டாவது கடைக்குப் பேரே கிடையாது, போர்டும் கிடையாது, அனோரத்தா ரோட்டுல காளி கோயில தாண்டி ஒரு சந்துக்குள்ள போனா மாடிப்படிக்குக் கீழ ஒரு டேபிள், ஒரு ஃபேன், சுவத்துல கொத்துக் கொத்தா கேபிளு, அவ்ளோதான். நான் நல்லா எழுதப் போறது அந்த ரெண்டாவது கடையப் பத்தித்தான், ஆனா மொத கடையில என்ன நடந்துச்சுன்னு சொன்னாத்தான் அது ஏன்னு புரியும்.

என் கம்ப்யூட்டர் 2014ல அசெம்பிள் பண்ணது. இன்டெல் ஐ3 நாலாவது ஜெனரேஷன், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க். கல்யாணப் பத்திரிகை, ஆடி மாசக் கஞ்சி ஊத்துற நோட்டீஸ், கருமாதி அட்டை, இதெல்லாம் டைப் பண்ணிக் குடுக்குறேன், அது வருமானம். அதவிட முக்கியமா ஞாயித்துக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பாடத்தாள் அதுலதான் எழுதுறேன். இங்க 1960கள்ல பள்ளிக்கூடத்தையெல்லாம் கவர்மென்ட் எடுத்துக்கிட்டப்புறம் தமிழ்ப் பள்ளிக்கூடம்னு இருந்ததெல்லாம் போச்சு, பிள்ளைங்க அ ஆ எழுதப் பழகுறது கோயில்லயும் வீட்டுலயும்தான். இந்தியாவுலேர்ந்து வர்ற புக்கு நல்ல புக்குதான், ஆனா பர்மாவுல பொறந்து வளர்ற பிள்ளைக்கு அதுல வர்ற ஊரும் பண்டமும் கண்ணுல பட்டதே இல்ல, அதனால மொஹிங்கா (மீன் கொழம்பு நூடுல்ஸ்) விக்கிற அம்மா, கன்னத்துல தனாக்கா மரப்பட்டைச் சாந்து பூசுன தங்கச்சி, தண்ணித் திருவிழான்னு நானே பதினோரு வருஷமா ஒவ்வொரு பாடமா எழுதி வச்சிருந்தேன். எல்லாம் அந்த ஒரே டிஸ்க்ல.

போன வருஷத்துலேர்ந்து மெஷின் ஆன் ஆக ஏழு நிமிஷம் எட்டு நிமிஷம் எடுத்துச்சு. எங்க பக்கம் கரண்ட் நாலு மணி நேரம் வரும், நாலு மணி நேரம் போயிடும், சில நாள் அந்தக் கணக்கும் இல்ல. தெருவுல பிள்ளைங்க "மீ லாபீ"ன்னு கத்துறது (கரண்ட் வந்துடுச்சுன்னு அர்த்தம்) கேட்டதும் ஓடிப்போய் ஆன் பண்ணி உக்காந்தா, அது தெறந்து வேர்டு தெறந்து தமிழ் கீபோர்டு வர்றதுக்குள்ள கால் மணி நேரம் போயிடும். பாதி வேலையில படார்னு கரண்ட் போனா டிஸ்க் எழுதிக்கிட்டிருந்தது அப்பிடியே அந்தரத்துல நிக்கும், அடுத்த தடவ ஆன் பண்ணும்போது டிஸ்க்க செக் பண்றேன்னு நீலத் திரையில சதவீதம் ஓடும், அதுக்கு ஒரு மணி நேரம்.

சரின்னு மொத கடைக்குத் தூக்கிட்டுப் போனேன். பெரிய கடை, ஏசி, கண்ணாடிக் கதவு. எஸ்எஸ்டின்னு சுத்துற தட்டே இல்லாத டிஸ்க் ஒண்ணு, அத போட்டா பறக்கும்னாங்க, அது உண்மைதான், அதுல பொய் இல்ல. பழைய சுத்துற ஹார்டு டிஸ்க் செகண்டுக்கு 100லேர்ந்து 150 எம்பிதான் படிக்கும், சாட்டா கேபிள்ல மாட்டுற எஸ்எஸ்டி 500க்கு மேல போகும், அதோட சின்னச் சின்ன ஃபைல் ஆயிரம் எடத்துல கெடக்குறத எடுக்குறதுல ரெண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். ரெண்டு நாள் கழிச்சு வாங்கன்னு சொன்னாங்க, போனேன், 1 லட்சத்து 60 ஆயிரம் கியாட் வாங்கிக்கிட்டாங்க. வீட்டுக்கு வந்து ஆன் பண்ணா புது விண்டோஸ், சுத்தமா காலி. என் ஃபைல் ஒண்ணுகூட இல்ல.

போன் போட்டேன். "பழைய டிஸ்க்கையும் ஃபார்மட் பண்ணிட்டுத்தான் புதுசு போடுவோம், பேக்கப் வேணும்னு நீங்க சொல்லலியே" அப்பிடின்னாங்க. நான் சொல்லல, சரி. ஆனா பதினோரு வருஷம் ஓடுன மெஷின்ல ஒருத்தருக்கு ஒண்ணுமே இருக்காதுன்னு எப்பிடி நெனைக்க முடியுது, "அம்மா இதுல ஏதாச்சும் வேணுமா"ன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன? அன்னிக்கு ராத்திரி நான் சாப்பிடல. வீட்டுக்காரரு கீழ போய் லப்பேயே (பால் டீ) வாங்கிட்டு வந்து வச்சாரு, அதுவும் ஆறிப்போச்சு.

அப்பதான் கோயில் ஆபீஸ்ல ஒருத்தர் இந்த மாடிப்படிக் கடையச் சொன்னாரு. கடைக்காரத் தம்பிக்கு முப்பது வயசுக்குள்ளதான் இருக்கும், தமிழ் பேசுவாரு, பாதிக்குப் பாதி பர்மீஸ் கலந்து. கேபினெட்ட டேபிள்ல வச்சதும் அவரு கேட்ட மொத கேள்வியே "அக்கா, பழைய ஹார்டு டிஸ்க் எங்க?" எங்கிட்ட இல்ல, அந்தக் கடையில இருக்குன்னேன். "இப்பவே போய் வாங்கிட்டு வாங்க. அத ஆன் பண்ண வேணாம்னு சொல்லுங்க. வேற யாருக்கும் போட்டுக் குடுத்துட்டா அவ்ளோதான்"னாரு.

அவரு வெளக்கிச் சொன்னத நானும் உங்களுக்குச் சொல்லிடுறேன், ஏன்னா இது எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டியது. பழைய ஹார்டு டிஸ்க்க க்விக் ஃபார்மட் பண்ணா உள்ள இருக்குறது ஒடனே அழியாது, எந்த ஃபைல் எங்க இருக்குன்ற பட்டியல்தான் போகும், அது மேல புதுசா வேற எழுதுற வரைக்கும் பெரும்பாலும் மீட்டுடலாம். எஸ்எஸ்டியில அப்பிடி இல்ல, அழிச்சதும் ட்ரிம்னு ஒரு வேலை ஓடி அந்த எடத்த உண்மையிலேயே காலி பண்ணிடும், அப்புறம் மீட்குறது ரொம்பக் கஷ்டம். அதனால நல்ல வேளையா என் பாடமெல்லாம் பழைய டிஸ்க்ல இருந்துச்சு.

போனேன். பழைய பார்ட்டெல்லாம் ஒரு அட்டைப் பொட்டியில கெடந்துச்சு, அதுல தேடணுமாம், நாளைக்கு வாங்கன்னாங்க. நான் நகரவே இல்ல. காசு குடுத்து வாங்குன டிஸ்க், அது என் சொத்து, புதுசு போட்டா பழசு உங்களுதுன்னு யார் சொன்னதுன்னு பர்மீஸ்ல சத்தமாவே கேட்டேன், கடையில இருந்த நாலு பேரு திரும்பிப் பாத்தாங்க. பத்து நிமிஷத்துல எடுத்துக் குடுத்துட்டாங்க.

தம்பி அந்த டிஸ்க்க வேற மெஷின்ல மாட்டி மொதல்ல அதோட ஒடம்பு எப்பிடின்னு ஒரு புரோகிராம்ல பாத்தாரு, மஞ்சள்ல எச்சரிக்கை வந்துச்சு, டிஸ்க்ல கெட்டுப்போன செக்டருக்கு, அதாவது சின்னத் துண்டுக்கு, பதிலா வேற துண்ட மாத்தி வச்ச எண்ணிக்கை ஏறியிருந்துச்சு. இதுலேர்ந்து நேரா தோண்டக் கூடாது, மொதல்ல முழுசா ஒரு காப்பி எடுத்து அந்தக் காப்பியிலதான் தேடணும்னாரு. நடுவுல கரண்ட் போனா என்ன பண்றதுன்னு ராத்திரி பூரா பேட்டரி இன்வெர்ட்டர்ல ஓட விட்டிருக்காரு. ரெண்டாம் நாள் போனா ஃபைலுங்க வந்திருந்துச்சு, ஆனா பேரெல்லாம் போயி வெறும் நம்பரு, தெறந்தா உள்ள தமிழே இல்ல, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் சாய்கோடுமா இருக்கு. தம்பி மொகம் வாடிப்போச்சு, கெட்டுப்போச்சுக்கான்னாரு. கெடல, அது பாமினி. மொத சில வருஷம் நான் எந்த மெஷின்லயும் தெரியுற யூனிகோட்ல அடிக்கல, பாமினி ஃபான்ட்லதான் அடிச்சேன், ஃபான்ட் இல்லாத மெஷின்ல அது அப்பிடித்தான் தெரியும். ஃபான்ட்ட ஏத்துனதும் "அம்மா" வந்துச்சு. பர்மீஸுக்கும் நம்ம எல்லாரும் இதே பாடு பட்டோமே, ஜாஜீங்கற பழைய பர்மீஸ் ஃபான்ட்ல அடிச்சது யூனிகோட்ல சிதறி, 2019 அக்டோபர்ல நாடே யூனிகோடுக்கு மாறுனப்ப பழைய லெட்டரெல்லாம் படிக்க முடியாம. அதனால அவருக்கு நான் சொன்னது ஒடனே புரிஞ்சுச்சு.

அவருக்குத் தமிழ் எழுத்து படிக்கத் தெரியாது. அதனால எது பாடம், எது கல்யாணப் பத்திரிகைன்னு அவரால பிரிக்க முடியல, நான்தான் பக்கத்துல ஸ்டூல் போட்டு உக்காந்து ரெண்டு மத்தியானம் ஒண்ணொண்ணா தெறந்து பேரு வச்சேன். அப்பப்ப இது என்ன எழுத்துக்கா, இது ஏன் கொக்கி மாதிரி இருக்குன்னு கேப்பாரு. அவரு பொண்ணுக்கு நாலு வயசாம், உயிரெழுத்துத் தாள் ஒண்ணு பிரின்ட் எடுத்துக்கலாமான்னாரு, பன்னெண்டையும் எடுத்துக்கோங்கன்னேன். பத்துல ஒம்பது பங்கு பாடம் கெடச்சிருச்சு. கெடைக்காத மிச்சத்துல 2018ல எழுதுன மழைக்காலப் பாடம் ஒண்ணு இருக்கு, அது என் மனசுல இன்னும் உறுத்துது.

அப்புறம் மெஷினையும் பாத்தாரு. எஸ்எஸ்டி பறக்கும்னாங்களே, அவ்ளோ பறக்கலயேன்னு சொன்னேன். தெறந்தாரு. என் மதர்போர்டுல டிஸ்க் கேபிள் மாட்டுற சாட்டா போர்ட் நாலு இருக்கு, அதுல ரெண்டுதான் 6 ஜிகாபிட், மத்த ரெண்டும் பழைய 3 ஜிகாபிட். அந்தக் கடையில பழைய போர்ட்டுல குத்தி விட்டிருக்காங்க. கேபிள எடுத்துப் பக்கத்துல மாட்டுனாரு, அரை நிமிஷ வேலை, அதுக்குக் காசு வாங்கல. ரேம் ஒரு 4 ஜிபி கூடப் போடலாம்னு சொல்லி, இது டிடிஆர்3 ரகம், இதுக்கு அப்புறம் வந்த டிடிஆர்4 இதுல நொழையவே நொழையாது, பழசுதான் தேடணும்னு ஒரு செகண்ட் ஹேண்ட் ரேமை எடுத்து, தங்கக் காலுங்கள பள்ளிக்கூட ரப்பரால தேச்சுத் தொடச்சு மாட்டுனாரு. அந்த ரப்பர் வேலைய நீங்க வீட்டுலயே பண்ணலாம், மழைக்காலத்துல ஈரத்துக்குக் காலுல கறை படிஞ்சு திரையே வராம நிக்கும்போது பாதி நேரம் இதுதான் காரணம், கரண்ட உருவிட்டுப் பண்ணுங்க.

எனக்கு ரொம்ப நாளா இருந்த இன்னொரு தொல்லை, ஆன் பண்ணா தேதி எங்கேயோ பல வருஷத்துக்கு முன்னாடி நிக்கும், ஜிமெயில் தெறந்தா பாதுகாப்பு இல்லன்னு செவப்பா வரும். இன்டர்நெட் கோளாறுன்னே நெனச்சிருந்தேன். மதர்போர்டுல காசு மாதிரி ஒரு செல் இருக்கு, சிஆர்2032, 3 வோல்ட், அது செத்துட்டா கடியாரம் நின்னுடும், தேதி தப்புன்னா வெப்சைட்டு சான்றிதழும் தப்பாத் தெரியும். பிளக்குல கரண்ட் இருக்குற வரைக்கும் அந்த செல்லுக்கு வேலை இல்ல, கரண்ட் இல்லாத நேரத்துலதான் அது தேயும், அதனால நம்ம ஊர்ல இது சீக்கிரமே போயிடுதுன்னு அவரு சொன்னப்பதான் எனக்கு வெளங்குச்சு. செல்லு வெல ஒரு லப்பேயே கணக்கு.

யூபிஎஸ் விஷயம்தான் எல்லாரும் கவனிக்கணும். என் 650 விஏ யூபிஎஸ் வாங்கி ஒன்றரை வருஷம்கூட ஆகல, கரண்ட் போன மறு நிமிஷமே அதுவும் போயிடும். புதுசு வாங்கணும்னா அப்ப 2 லட்சத்துக்கு மேல. தம்பி தெறந்து காட்டுனாரு, உள்ள 12 வோல்ட் 7 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒண்ணு, பக்கமெல்லாம் உப்பியிருந்துச்சு. இந்த லெட் ஆசிட் பேட்டரி முழுசா ஏறணும்னா ஆறு மணி நேரம் எட்டு மணி நேரம் தொடர்ந்து கரண்ட் வேணும், நமக்கு வர்றதே நாலு மணி நேரம், அதனால எப்பவும் பாதி வயித்தோடயே கெடக்குது, அப்பிடிக் கெடந்தா உள்ள தகட்டுல உப்பு படிஞ்சு செத்துடும். யூபிஎஸ்ல கொறை இல்ல, பேட்டரிய மட்டும் மாத்துங்கன்னு 70 ஆயிரத்துல முடிச்சாரு. அதோட, யூபிஎஸ் அஞ்சு நிமிஷம் ஃபைல சேவ் பண்ணி மூடுறதுக்குத்தான், அதுல வேலை செய்யாதீங்க, பிரின்டர அதுல மாட்டவே மாட்டாதீங்கன்னாரு. நான் லேசர் பிரின்டரையும் அதுலதான் மாட்டியிருந்தேன்.

விண்டோஸ் 11 போட முடியுமான்னும் கேட்டேன், ஏன்னா விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 ஓட அப்டேட் நின்னுடுச்சு. என் புராசஸர் நாலாவது ஜெனரேஷன், விண்டோஸ் 11 கேக்குறது எட்டாவதும் அதுக்கு மேலயும், டிபிஎம் 2.0ன்னு ஒரு பாதுகாப்புச் சிப்பு வேற வேணும். குறுக்கு வழியில ஏத்தலாம், ஆனா நாளைக்கு அப்டேட் வந்து நின்னுட்டா நான் பொறுப்பில்லன்னு வெளிப்படையாச் சொன்னாரு. இன்னொரு வருஷத்துக்கு செக்யூரிட்டி அப்டேட் மட்டும் வர்ற மாதிரி மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல சேத்து விட்டாரு. புது மெஷின் வாங்குங்கன்னு ஒரு தடவகூட தள்ளல.

எல்லாத்துக்கும் மொத்தம், டேட்டா மீட்டது, ரேம், பேட்டரி, தூசி தட்டி புராசஸருக்கு சூடு கடத்துற பேஸ்ட் வச்சதுன்னு 1 லட்சத்து 85 ஆயிரம். கெளம்பும்போது ஒரு பிளாஸ்டிக் பையில கழட்டுன செல்லு, உப்புன பேட்டரி, பழைய ஹார்டு டிஸ்க் எல்லாத்தையும் போட்டுக் கையில குடுத்தாரு, பேட்டரிய மட்டும் குப்பையில போடாதீங்க, பழைய சாமான்காரர்கிட்ட எடைக்குப் போடுங்கன்னு சொல்லி.

கொறையும் சொல்லணும். போன் எடுக்கவே மாட்டாரு, நேர்ல போனாத்தான். நாளைக்குன்னா நாலு நாளாகும். பில்லு கிடையாது, நானே ஒரு துண்டுத் தாள்ல எழுதிக் கையெழுத்து வாங்கிக்கிட்டேன். கரண்ட் இல்லாத நேரத்துல கடையப் பூட்டிட்டுப் போயிடுவாரு, அதனால உங்க பக்கத்து நேரத்த வச்சுப் போகாதீங்க, அந்தத் தெருவுல எப்ப கரண்ட் வருதுன்னு கேட்டுட்டுப் போங்க, நான் ரெண்டு தடவ மழையில கேபினெட்ட நெகிழித் தாள்ல சுத்தித் தூக்கிட்டுப் போய்த் திரும்பி வந்தேன்.

இப்ப மெஷின் அரை நிமிஷத்துக்குள்ள தெறக்குது. பாடமெல்லாம் ரெண்டு பென் டிரைவ்ல இருக்கு, ஒண்ணு வீட்டுல, ஒண்ணு கோயில் ஆபீஸ் அலமாரியில. பாமினியில இருக்குறத யூனிகோடுக்கு மாத்திக்கிட்டிருக்கேன், 2016 வரைக்கும் வந்திருக்கேன். அந்த மழைக்காலப் பாடத்தோட பிரின்ட் 2018ல படிச்ச பிள்ளைங்க யாரு வீட்டுலயாவது இருந்தா தயவுசெஞ்சு ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, தவளையும் குடையும் படம் போட்ட தாள், மேல வலது பக்கம் பாடம் 14ன்னு இருக்கும்.