இம்போர்ட் வேலை செய்யவில்லையா? மீன் விலைப் பக்கத்துக்கு நான்கு வழிகள்

புது வண்ணாரப்பேட்டையில் இருக்கும் அக்கா மகன், காசிமேட்டு மீன் விலைக்குக் கணக்குப் போட ஜாவாஸ்கிரிப்டில் ஒரு வலைப்பக்கம் எழுதினான். வஞ்சிரம், சங்கரா, நெத்திலி விலையெல்லாம் ஒரு ஃபைலில், கணக்கு இன்னொன்றில். ஒரு ஃபைலில் இருப்பதை இன்னொன்றுக்குள் எடுக்கும் இம்போர்ட் வரி போட்டு இணைத்ததும் எதுவும் ஓடவில்லை. "மாமா, கன்சோல் பூரா செவப்பா இருக்கு" என்று போன். பிரவுசர் பிழைகளைக் காட்டும் இடம்தான் கன்சோல்.

முதலில் பழைய வழி. இரண்டு ஸ்கிரிப்ட் டேக், விலை ஃபைல் முன்னால், கணக்கு பின்னால். டபுள் கிளிக் செய்தாலே ஓடும். இரண்டு ஃபைலிலும் ஒரே பெயரில் கான்ஸ்ட் இருந்தால் மோதும், வரிசை மாறினால் உடையும். மூன்று ஃபைலுக்குள் முடிகிற வேலைக்கு இது கேவலமே இல்லை.

அவனுக்கு மாட்யூல்தான், அதாவது இம்போர்ட் போட்டு இணைக்கும் தனித்தனி ஃபைல்கள்தான் வேண்டுமாம். சரி. ஸ்கிரிப்ட் டேக்கில் டைப் மாட்யூல் என்று போடாததுதான் முதல் பிழை. போட்டதும் அடுத்தது வந்தது: கோர்ஸ் (CORS), வேறிடத்து ஃபைலை எடுப்பதற்கு பிரவுசர் வைத்திருக்கும் பாதுகாப்பு விதி. டபுள் கிளிக்கில் திறந்த பக்கத்துக்கு மாட்யூலை எடுத்துத் தர பிரவுசர் மறுத்துவிடும். பைத்தானின் சின்ன சர்வரை அந்த ஃபோல்டரிலேயே ஓட்டி, லோக்கல்ஹோஸ்ட் 8000-இல் திறந்தால் தீர்ந்தது. அப்புறம் பாதை, அதாவது இம்போர்ட்டில் எழுதும் ஃபைல் முகவரி. புள்ளி, சாய்கோடு (./) முன்னால் வேண்டும். கடைசியில் டாட் ஜேஎஸ்ஸும் வேண்டும். பண்ட்லர் (பல ஃபைல்களைச் சேர்த்துக் கட்டும் கருவி) வைத்து எழுதிய பாடங்களைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த ஜேஎஸ்ஸைத்தான் விட்டுவிடுகிறார்கள். மைம் டைப் (வந்த ஃபைல் என்ன வகை என்ற குறிப்பு) டெக்ஸ்ட் ஹெச்டிஎம்எல் என்று திட்டு வந்தால் பெரும்பாலும் பாதைதான் தப்பு. கேட்ட ஃபைல் இல்லாமல் சர்வர் வேறு பக்கத்தை அனுப்பியிருக்கும். நெட்வொர்க் டேபில் பார்த்தால் தெரிந்துவிடும். விண்டோஸில் ஓடி, லினக்ஸ் சர்வரில் 404 வந்தால் ஃபைல் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து மாறியிருக்கிறதா என்று பாருங்கள். எல்லாம் சரியான பிறகும் பட்டன் அசையவில்லை. மாட்யூலுக்குள் இருக்கும் ஃபங்ஷன் ஹெச்டிஎம்எல்லின் ஆன்கிளிக்குக்குத் தெரியாது. ஆட் ஈவன்ட் லிசனர் போட்டோம்.

அடுத்து வரைபடம் வரைய ஒரு லைப்ரரி சேர்த்தான், வெறும் பெயரை மட்டும் எழுதி. ஆட்டோக்காரரிடம் வண்ணாரப்பேட்டை என்று சொன்னால் "பழசா, புதுசா?" என்றாவது கேட்பார். பிரவுசர் கேட்காது, ஏறவே விடாது. இந்த இடத்துக்குத்தான் இம்போர்ட் மேப்: இந்தப் பெயர் என்றால் இந்த முகவரி என்று ஹெச்டிஎம்எல்லிலேயே எழுதி வைப்பது. மாட்யூல் ஸ்கிரிப்டுகளுக்கு முன்னால் வைக்க வேண்டும்; முகவரியில் இருப்பது லைப்ரரியின் இஎஸ் மாட்யூல் (இம்போர்ட்டுக்கு ஏற்ற) வடிவமாக இருக்க வேண்டும். குரோமில் 2021-இலும் சஃபாரியில் 2023-இலும்தான் வந்தது, அதனால் பழைய ஐபோன்களில் கவனம்.

நண்பன் சொன்னானென்று வீட் (Vite) என்ற, பண்ட்லர் வேலையும் செய்யும் கருவியையும் கேட்டான். டைப்ஸ்கிரிப்ட், நிறைய என்பிஎம் (லைப்ரரிகள் கிடைக்கும் களஞ்சியம்) பேக்கேஜ், இம்போர்ட்டுக்குப் பதிலாக ரிக்வயர் பாணியில் எழுதிய பழைய லைப்ரரி என்றால் அதுதான் சரி. ஆனால் அது கட்டித் தரும் டிஸ்ட் ஃபோல்டரையும் சாதாரணமாக டபுள் கிளிக்கில் திறக்க முடியாது, சர்வர் தொல்லை அப்படியேதான். இரண்டு ஃபைலுக்கு வீட் என்பது கால் கிலோ நெத்திலிக்கு ஐஸ் லாரி பிடிப்பது.

இப்போது மாட்யூலும் ஒரு வரி மேப்புமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நாலைந்து லைப்ரரி சேர்ந்தால் லாரிக்குச் சொல்லி அனுப்பலாம் என்றிருக்கிறேன்.