சுருட்டு வைக்க மரப்பெட்டியா, பிளாஸ்டிக் டப்பாவா?

சுருட்டுக்கு வேண்டியது 65 முதல் 70 சதவீத ஈரப்பதம், 18 முதல் 21 டிகிரி செல்சியஸ் வெப்பம். இதை ஏற்ற இறக்கமில்லாமல் காப்பதுதான் ஹ்யூமிடர் எனும் சுருட்டுப் பெட்டியின் வேலை. அந்த வேலையை மட்டும் பார்த்தால், முதன்முதலாக வாங்குபவருக்கு நான் மரப்பெட்டியைச் சொல்ல மாட்டேன். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவே போதும்.

மரப்பெட்டியின் அழகு வேறுதான், மறுக்கவில்லை. உள்ளே அடித்திருக்கும் ஸ்பானிஷ் சீடர் பலகை ஈரத்தை உறிஞ்சி வைத்து மெல்ல மெல்ல விடும், மணமும் கொடுக்கும். ஆனால் புதுப்பெட்டியில் அந்தப் பலகை காய்ந்து கிடக்கும். அதை ஈரத்துக்குப் பழக்காமல் அடுக்கினால் சுருட்டின் ஈரத்தையே குடித்துவிடும். மேல் இலை வெடிக்கும். பழக்குவதற்கு 84 சதவீத போவெடா பையை (உள்ளே ஈரப்பதத்தை அந்த அளவில் நிறுத்தும் சிறு பை) உள்ளே வைத்து இரண்டு வாரம் மூடி வையுங்கள். ஈரத்துணியால் துடைக்கும் பழைய முறை வேண்டாம். பலகை வளைந்தால் மூடி சரியாக உட்காராது, அப்புறம் பெட்டியே வீண். விளிம்பில் ஒரு காகிதத் துண்டை வைத்து மூடி, இழுத்துப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு வந்தால் அந்த இடத்தில் ஈரம் கசிகிறது. மலிவான மரப்பெட்டிகள் பல இதிலேயே தோற்றுவிடும்.

டப்பாவுக்கு இந்தப் பாடு இல்லை. பிளாஸ்டிக் வாடை போகக் கழுவி, நன்றாகக் காயவைத்து, 65 அல்லது 69 சதவீதப் பையைப் போட்டு மூடினால் சரி. 25 சுருட்டுக்கு 60 கிராம் பை ஒன்று. மணம் வேண்டுமென்றால் சீடர் துண்டு ஒன்றைப் போடுங்கள். காற்று மாற அவ்வப்போது திறந்து மூடினால் போதும்.

மரப்பெட்டியோடு வரும் ஸ்பாஞ்சை மட்டும் நம்பாதீர்கள். அது ஈரத்தை விடும். மிஞ்சியதைத் திரும்ப வாங்கிக்கொள்ளாது. குழாய்த் தண்ணீர் ஊற்றினால் அதில் பூஞ்சையும் பிடிக்கும். பையில் இருப்பது உப்புக் கரைசல் என்பதால் ஈரத்தைக் கொடுக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும். உள்ளே கட்டியாக இறுகியதும் மாற்றிவிடுங்கள்.

எந்தப் பெட்டியானாலும் ஈரப்பதம் காட்டும் ஹைக்ரோமீட்டரைச் சோதிக்காமல் நம்பக் கூடாது. ஒரு பாட்டில் மூடியில் உப்பு போட்டு, சேறுபோல் ஆகும் அளவுக்குச் சில சொட்டு நீர் விட்டு, மீட்டரோடு ஜிப் பையில் ஒரு நாள் மூடி வையுங்கள். 75 காட்ட வேண்டும். 71 காட்டினால், அதன் கணக்கில் எப்போதும் 4 கூட்டிப் படியுங்கள்.

வெப்பத்தை மட்டும் இரண்டுமே தடுக்காது. 24 டிகிரியைத் தாண்டி நீடித்தால் இலையில் ஒளிந்திருக்கும் புகையிலை வண்டின் முட்டை பொரிந்து, சுருட்டில் ஊசித்துளை விழும். அறை அப்படிச் சூடாகும் என்றால் குளிரூட்டும் மின் ஹ்யூமிடருக்குப் போவதே நல்லது.