கோ-கோவா, ரிங்கா, ஷட்டிலா: நாற்பதுக்கு மேல் மைதானத்துக்குத் திரும்பும்போது

2024 கடைசியில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் மூன்று மாத சராசரி சர்க்கரை 6.1 என்று வந்தது. 5.7 முதல் 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்கிறோம் என்று அர்த்தம். "மாத்திரை இப்ப வேண்டாம்மா, உடம்பை அசைங்க" என்றார் மருத்துவர். ஆஸ்பத்திரிப் படி இறங்கும்போதே எனக்குக் கோ-கோ ஞாபகம்தான் வந்தது. பாலக்கோடு பக்கம் பள்ளிக்கூடத்தில் படித்தபோது ஆறு வருடம் ஆடியவள் நான். இப்போது வயது 43.

தருமபுரியில் என்னைப் போல் பள்ளியோடு ஆட்டத்தை மூட்டை கட்டிய பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். அவர்களில் சிலரைச் சேர்த்துக்கொண்டு மூன்று ஆட்டங்களையும் மாற்றி மாற்றி ஆடிப் பார்த்தேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

முதலில் கோ-கோ. 2025 ஜனவரியில் டெல்லியில் நடந்த முதல் உலகக் கோப்பையை நம் ஆண்கள் அணி, பெண்கள் அணி இரண்டுமே வென்றன. பெண்கள் இறுதிப் போட்டியை அடுப்பை அணைத்து வைத்துவிட்டுப் பார்த்தேன். அடுத்த ஞாயிறே பழைய தோழிகள், அவர்களுடைய மகள்கள் என்று பதினைந்து பேரைப் பிடித்து மைதானத்துக்குக் கூட்டிப் போய்விட்டேன். ஒரு முறை துரத்தி முடித்தபோது நெஞ்சு படபடவென்று அடித்தது. ஆனாலும் அப்படியொரு சந்தோஷம் பல வருடமாக எனக்குக் கிடைத்ததில்லை. மூச்சுக்கும் இதயத்துக்கும் இவ்வளவு குறைந்த நேரத்தில் இவ்வளவு வேலை கொடுக்கிற ஆட்டம் நான் ஆடியதில் வேறில்லை.

சிக்கல் உட்கார்ந்திருக்கும் இடத்தில் இருக்கிறது. வரிசையில் உட்கார்ந்திருப்பவள் முழங்காலை மடக்கி, குதிகாலைத் தூக்கி, விரல் நுனியைத் தரையில் ஊன்றிக்கொண்டு முதுகில் கை படுவதற்காகக் காத்திருப்பாள். துரத்துகிறவள் முதுகில் தட்டி 'கோ' என்றதும் மொத்த எடையையும் ஒரு காலின் முன்பாதம் உந்தித் தள்ள வேண்டும். கிளம்பிய பிறகு வரிசையின் கோடியில் நட்டிருக்கும் கம்பத்தைச் சுற்றாமல் திசை மாறவும் முடியாது. பதினைந்து வயதில் இதெல்லாம் யோசிக்காமலே நடந்தது. மூன்றாவது ஞாயிறு எனக்கு 'கோ' விழுந்தது, எழுந்தேன். யாரோ பின்னாலிருந்து கெண்டைக்காலில் கல்லால் அடித்தது போல் இருந்தது. திரும்பிப் பார்த்தால் யாரும் இல்லை. கெண்டைத் தசை கிழிந்திருந்தது. ஆறு வாரம் மைதானம் பக்கம் போக முடியவில்லை.

அப்புறம்தான் விஷயம் புரிந்தது. மூச்சு சில வாரத்தில் பழகிவிடும், தசைகூட ஓரளவு சீக்கிரம் தேறும். தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கும் நாண்களுக்கு மட்டும் மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். விட்டுப்போன ஆட்டத்துக்குத் திரும்புகிறவர்கள் முதல் இரண்டு மூன்று மாதங்களில் அடிபடுவதற்கு இதுவும் ஒரு காரணம். தெம்பு வந்துவிட்டது என்று உடம்பு சொல்லும், குதிகால் நாண் இன்னும் தயாராகியிருக்காது. அதனால் திரும்பி வருகிற முதல் ஆறு மாதத்துக்குக் கோ-கோ வேண்டாம் என்பது என் தீர்மானம். மனசு கேட்காது, எனக்கும் கேட்கவில்லை.

அந்தச் சமயத்தில் கைகொடுத்தது ரிங். டென்னிகாய்ட் என்று பெயர். எங்கள் பள்ளியில் மழை நாளில் வராந்தாவில் ஆடும் ஆட்டம் என்று அதை அலட்சியமாக நினைத்திருந்தேன். ரப்பர் வளையத்தை ஒரே கையால் பிடிக்க வேண்டும், பிடித்த கையாலேயே உடனே எறிய வேண்டும். வளையம் தள்ளாடாமல் சுழன்று போக வேண்டும். ஓட்டமெல்லாம் நான்கைந்து அடிதான். ஆனால் நொடிக்கு நொடி முட்டி மடங்கி, பக்கவாட்டில் நகர்ந்து, தாழ்வாக வருவதைக் குனிந்து பிடித்து எழ வேண்டியிருக்கிறது. இருபது நிமிடம் ஆடினால் ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொள்ளும். தொடையும் இடுப்பும் வலுப்பட்டது எனக்கு இதில்தான். கால் வலி போனதும் முதலில் தொட்டது ரிங்கைத்தான், கெண்டைக்கால் ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை. இரண்டு பேர் இருந்தால் போதும், வாசலில் கயிறு கட்டிக்கூட ஆடலாம். செலவும் பெரிதாக இல்லை, ஒரு டப்பா இறகுப் பந்து வாங்கும் காசில் பல வளையம் வரும். குறை என்றால், கோ-கோ கொடுக்கும் மூச்சு வாங்கல் இதில் கிடைக்காது. அதற்காக வாரத்தில் இரண்டு நாள் வேகநடை சேர்த்துக்கொண்டேன்.

ஷட்டிலை எல்லோரும் முதலில் சொல்வார்கள். ஓசூரில் உள்ளரங்கு மைதானங்கள் நிறைய இருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு அது நல்ல வழிதான், கலோரியும் நன்றாகவே செலவாகும். இங்கே வீட்டு முன்னால், திறந்த வெளியில் ஆடுகிறவர்களுக்கு ஆடிக் காற்று ஒத்துழைக்காது. ஐந்து கிராம் எடையுள்ள இறகுப் பந்து காற்றில் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. பாதிப் பேர் சிமென்ட் தரையில் வேறு குதிக்கிறோம். முன்னால் பாய்ந்து சட்டென்று நின்று பின்வாங்கும் அந்த அசைவு, குதிகால் நாணுக்குக் கோ-கோவின் முதல் உந்தலைப் போலவே ஆபத்தானது. அதிலும் தலைக்கு மேல் அடிக்கும் ஸ்மாஷ் தோள்பட்டையையும் பதம் பார்க்கும். சிறுவயதில் ஷட்டில் ஆடியவர்கள் தாராளமாகத் திரும்பலாம், மரத்தரையோ செயற்கைத் தளமோ கிடைத்தால். எனக்கு அதில் பழைய பாசம் எதுவும் இல்லை, மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன்.

நம் மாவட்டத்துக்காரர்களுக்கு மட்டும் ஒன்று. 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வருவதற்கு முன் நம்மில் பலர் ஃபுளோரைடு அதிகமான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்கள். பல்லில் மஞ்சள் கறை மட்டும் அதன் வேலை இல்லை, வருடக்கணக்கில் குடித்தால் மூட்டும் முதுகும் விறைத்துப்போகும். முட்டி மடங்க மறுத்தால் வயசாகிவிட்டது என்று நினைத்து வம்படியாக ஆடாதீர்கள். முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் தெரியவந்தது. அவள் இப்போது ரிங் மட்டும், அதுவும் குனியாமல் பிடிக்கிற மாதிரி உயரமாக எறியச் சொல்லி ஆடுகிறாள்.

எட்டு மாதம் ரிங் ஆடிய பிறகு கோ-கோவுக்குத் திரும்பினோம். இப்போது ஞாயிறு காலை மட்டும். ஆடுவதற்கு முன் கால் மணி நேரம் மெல்லோட்டம், பிறகு படிக்கட்டில் முன்பாதத்தை வைத்துக் குதிகாலை மெதுவாகக் கீழிறக்கி ஏற்றுவது பதினைந்து முறை. வரிசையில் நாற்பது தாண்டியவர்கள் யாரும் உட்காருவதில்லை, நின்றபடியே 'கோ' வாங்கிக்கொள்கிறோம். மகள்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். "அம்மா, இது போங்கு" என்கிறாள் என் மகள். போன பரிசோதனையில் சர்க்கரை சராசரி 5.6.