ஃபுட் பிராசசர் வாங்குவதா, மிக்ஸியோடு வரும் ஜாரே போதுமா?

கடையில் ஃபுட் பிராசசர் கேட்டால் விற்பவர் முதலில் எடுத்து விடுவது வாட்ஸ் கணக்கு. 600, 750, 1000 என்று எண் ஏற ஏற விலையும் ஏறும். “இது ஹெவி டியூட்டி சார், லைஃப் நல்லா வரும்” என்பார். மோட்டார் எவ்வளவு மின்சாரம் இழுக்கும் என்பதைத்தான் வாட்ஸ் சொல்கிறது. எத்தனை வருஷம் உழைக்கும் என்பதற்கு அதில் பதில் கிடையாது. நம் வீட்டு டேபிள் டாப் கிரைண்டரின் மோட்டார் பெரும்பாலும் 150 வாட்ஸ்தான். அது அரை மணி நேரம் நிற்காமல் உளுந்து ஆட்டுகிறது. 750 வாட்ஸ் மிக்ஸியை அப்படி ஓட்டினால் அடியில் உள்ள ஓவர்லோடு பட்டன் விழுந்துவிடும், இல்லாவிட்டால் மோட்டாரின் கம்பிச் சுருள் (காயில்) கருகும் வாசனை வரும்.

காரணம் மோட்டாரின் ரகம். மிக்ஸியிலும், இங்கே விற்கும் பெரும்பாலான ஃபுட் பிராசசர்களிலும் இருப்பது யுனிவர்சல் மோட்டார். சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் பிரஷ் உரசிக்கொண்டே ஓடும். நிமிடத்துக்கு 18,000 சுற்றுக்கு மேலும் போகும். உருவத்தில் சின்னது, சத்தம் பெரிது, சீக்கிரம் சூடாகும். கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார். அதில் பிரஷ் இல்லை. 1,400 சுற்றுக்குப் பக்கத்தில் நிதானமாக ஓடும். கனமானது, தேய்வதற்கு அதிகம் எதுவும் இல்லாதது. ஃபுட் பிராசசர் செய்யும் பிரான்சின் மேஜிமிக்ஸ் நிறுவனம் தன் மோட்டாருக்கு 30 வருட உத்தரவாதம் கொடுக்கிறதே, அதுவும் இண்டக்‌ஷன்தான்.

சரி, நமக்கு இந்த மெஷின் எதற்கு? இட்லி மாவுக்குக் கிரைண்டர் இருக்கிறது. சட்னி, பொடி, தேங்காய் விழுது எல்லாம் மிக்ஸி வேலை. இவற்றைக் கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது சப்பாத்தி மாவு பிசைவது, கோஸ் சீவுவது, கேரட் துருவுவது, விருந்தாளி வரும் நாளில் மொத்தமாக வெங்காயம் நறுக்குவது, ஜூஸ். இவ்வளவுதான். இதில் கோஸும் கேரட்டும் எந்த மெஷினுக்கும் பெரிய சுமை இல்லை. வெங்காயத்தை எந்த மெஷினில் போட்டாலும், ஒரு நொடி கூடுதலாக விட்டால் தண்ணீர் விட்டுக் கூழாகிவிடும். பட்டனை ஒரு நொடி தட்டி, விட்டு விட்டுத்தான் ஓட்ட வேண்டும். பொரியலுக்குப் பீன்ஸை நாம் நறுக்குகிற மாதிரி எந்த மெஷினும் நறுக்காது. ஆக, மெஷினின் ஆயுளைத் தீர்மானிப்பது சப்பாத்தி மாவு. கெட்டியான மாவு பிளேடைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். மோட்டார் வேகம் குறையும், கூடவே அதன் விசிறியும் மெதுவாகச் சுற்றும், காற்றோட்டம் தேவைப்படுகிற நேரத்தில் காற்று குறைந்துபோகும். மாவு பிசையும்போதே பெரும்பாலான மோட்டார்கள் கெடுவது இதனால்தான்.

இந்த ஒரு வேலையை முன்னால் வைத்துக்கொண்டு நான்கு வழிகளையும் பார்க்கலாம்.

மிக்ஸியோடு வரும் ஃபுட் பிராசசர் ஜார்

பிரீத்தி ஜோடியாக், பிலிப்ஸ் எச்.எல். 7707 போன்றவை இந்த வகை. இரண்டும் 750 வாட்ஸ். அடிப்பகுதி ஒன்றுதான், அதன் மேல் சட்னி ஜாரும் உட்காரும், சீவும் தட்டு, துருவும் தட்டு, பிசையும் பிளேடு கொண்ட பெரிய ஜாரும் உட்காரும். 8,000 முதல் 10,000 ரூபாய்க்குள் கிடைக்கும். மிக்ஸி மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டவர்களுக்கு இதுதான் கணக்குக்கு ஒத்துவரும். தனியாக ஒரு மெஷின் மேடையை அடைக்காது என்பது சின்ன அடுக்களையில் பெரிய விஷயம்.

இதன் உண்மையான பலம் பழுது பார்ப்பதில். பிரீத்தி 1978-ல் சென்னையில் தொடங்கிய நிறுவனம். 2011-ல் பிலிப்ஸ் கைக்குப் போனது. அதே 2011-ல்தான் தமிழ்நாட்டில் விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டமும் தொடங்கியது. வீட்டுக்கு வீடு மிக்ஸி இருக்கும் மாநிலத்தில் கப்ளர் (மோட்டாரையும் ஜாரையும் இணைக்கும் பாகம்) மாற்ற, ஜார் புஷ் போட, பிரஷ் மாற்ற, காயில் கட்ட ஆள் தேடி அலைய வேண்டியதில்லை. சந்தைத் தெருவில் ஒரு மிக்ஸி ரிப்பேர் கடை இருக்கும். கப்ளர் அங்கேயே தொங்கும்.

பலவீனம், மாவு. அதிவேக மோட்டாரை மெதுவாகப் பிசையச் சொல்வது அதன் இயல்புக்கு எதிரான வேலை. சில மாடல்களில் ஜாரின் அடியில் வேகத்தைக் குறைக்கும் பல்சக்கரம் உண்டு, அதுவும் ஒரு நாள் தேயும் பொருள்தான். கால் கிலோ மாவுக்கு மேல் போகாமல், ஒரு நிமிடத்தில் திரண்டதும் நிறுத்திவிட்டால் பிரச்சினை இல்லை. கால் கிலோவுக்கு ஒரு டஜன் சப்பாத்தி வரும். நாலு பேர் வீட்டுக்கு அது போதும். “இன்னொரு டம்ளர் மாவு சேர்த்துப் போட்டுடலாம்” என்று தோன்றும்போதுதான் கப்ளர் போகும். கப்ளர் போவதைப் பார்த்து மெஷினைத் திட்டத் தேவையில்லை. மோட்டாரைக் காப்பாற்ற முதலில் உடையும்படி அதை வைத்திருக்கிறார்கள்.

தனி ஃபுட் பிராசசர்

உஷா எஃப்.பி. 3811, பஜாஜ் எஃப்.எக்ஸ். 1000, இனால்சாவின் பெரிய மாடல்கள் எல்லாம் 1000 வாட்ஸ் வரிசையில் வருபவை. கிண்ணம் பெரிது. காய் போடும் குழாயும் அகலம், பாதி கோஸை நாலாக வெட்டி அப்படியே தள்ளலாம். அரைக் கிலோ மாவைத் தாராளமாகப் பிசையும். பெரிய குடும்பத்துக்கு, தினம் இரவு சப்பாத்தி போடும் வீட்டுக்கு இந்த வசதி நிஜமாகவே பெரிது.

ஆனால் இவை சாவது மோட்டாரால் குறைவு, மூடியால் அதிகம். கிண்ணமும் மூடியும் சரியாகப் பூட்டினால்தான் ஓடும் என்று ஒரு பாதுகாப்பு ஏற்பாடு இதில் உண்டு. மூடியின் ஓரத்தில் உள்ள சின்ன பிளாஸ்டிக் நாக்கு ஒரு சுவிட்சை அழுத்தினால்தான் மோட்டார் கிளம்பும். நாக்கு உடைந்தால், அல்லது அந்தப் பள்ளத்தில் மாவு காய்ந்து அடைத்தால், நல்ல மோட்டார் உள்ள மெஷின் பொம்மையாக நிற்கும். இதைச் சரிசெய்யக் கொடுத்தால் சில மெக்கானிக்குகள் சுவிட்சை நேரடியாக இணைத்துவிட்டு “இப்ப ஓடும் பாருங்க” என்பார்கள். ஓடும்தான், மூடி இல்லாமலும் ஓடும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

அடுத்தது கிண்ணம். பெரும்பாலும் பாலிகார்பனேட். கீழே விழுந்தால் தாங்கும், கொதிக்கும் தண்ணீரை அடிக்கடி ஊற்றினால் தாங்காது. நாளடைவில் மங்கி, மயிரிழை விரிசல் விடும். மிளகு, விரலி மஞ்சள் போன்றவற்றை அதில் பொடித்தால் உள்ளே முழுக்கக் கீறல். ஐந்தாறு வருஷம் கழித்து அந்தக் கிண்ணத்தைத் தேடிப் போனால் “அந்த மாடல் நின்னு போச்சு” என்பதுதான் வழக்கமான பதில். மிக்ஸி ஜார் மாதிரி எல்லாக் கடையிலும் கிடைக்காது, பெரிய ஊரின் சர்வீஸ் சென்டரில் சொல்லி வைத்து வாங்க வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், தனி மெஷின் என்று முடிவு செய்தவர்கள் வாங்கும் அன்றே ஒரு கிண்ணமும் மூடியும் உபரியாக வாங்கிப் பரணில் போட்டுவிடுவது நல்லது. தனியாக விற்க மாட்டோம் என்று கடைக்காரர் சொன்னால் அந்த மாடலே வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து வருபவை

அண்ணன் அமெரிக்காவில், அக்கா லண்டனில் என்றிருக்கும் வீடுகளில் இந்தப் பேச்சு வந்தே தீரும். மேஜிமிக்ஸும், அமெரிக்கர்கள் அடுக்களைதோறும் வைத்திருக்கும் குசினார்ட்டின் 14 கப் மாடலும் இண்டக்‌ஷன் மோட்டார் கொண்டவை. மோட்டாருக்கு நேர் மேலே கிண்ணம், நடுவில் பெல்ட் கிடையாது. தரத்தில் இங்கே விற்பவை இவற்றுக்குப் பக்கத்தில் வராது. அதில் எனக்குச் சந்தேகமில்லை.

சிக்கல் மின்சாரத்தில். லண்டன், பாரிஸ் மெஷின்கள் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் (மின்சாரம் ஒரு நொடிக்கு எத்தனை சுழற்சி என்ற கணக்கு). பிளக்கை மட்டும் மாற்றினால் இங்கே ஓடும். அமெரிக்க மெஷின் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் போதும் என்று பலரும் சொல்வார்கள். அது வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. பிரஷ் மோட்டார் அதைப் பொருட்படுத்தாது. இண்டக்‌ஷன் மோட்டாரோ ஹெர்ட்ஸை வைத்தே சுற்றுகிறது. 50-ல் அதன் வேகம் ஆறில் ஒரு பங்கு குறையும், சூடும் கூடும். எந்த மோட்டாருக்காக அதைச் சுமந்து வந்தோமோ, அதுவே இங்கே சிரமப்படும்.

இன்னொன்று. உறவினர் தன் பழைய குசினார்ட்டை அன்பாகத் தந்தால் முதலில் பிளேடைப் பாருங்கள். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் மட்டும் சுமார் 80 லட்சம் மெஷின்களின் பிளேடுகளை அந்த நிறுவனம் திரும்பப் பெற்றது. 1996 முதல் 2015 வரை விற்றவை. ரிவெட் (உலோகத் தகடுகளைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணி) அடித்த பிளேடு விரிசல் விட்டு, உலோகத் துண்டுகள் சாப்பாட்டில் விழுந்திருக்கின்றன. வாயில் காயம்பட்டவர்களும் உண்டு. நாலு ரிவெட்டும் வெளிர் பழுப்பு நிற நடுத்தண்டும் இருந்தால் அந்தப் பிளேடை ஓட்டவே கூடாது. மோட்டார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு ரிவெட் போதும் எல்லாவற்றையும் கெடுக்க. இங்கே வாங்கும் மெஷினிலும் பிளேடு தண்டோடு எப்படிச் சேர்ந்திருக்கிறது, ஆடுகிறதா என்று விரலால் அசைத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்.

நாலாவது வழி: வீட்டிலேயே இருப்பது

கடைக்காரர் இதைச் சொல்லமாட்டார், விற்க ஒன்றும் இல்லை. பல டேபிள் டாப் கிரைண்டர்களோடு மாவு பிசையும் கையும் தேங்காய் துருவியும் துணைப் பாகங்களாக வருகின்றன. தொலைத்திருந்தால் தனியாகவும் வாங்கலாம். கல்லை எடுத்துவிட்டு அந்தக் கையை மாட்டினால், வெளிநாட்டு மெஷினில் எதற்காக அவ்வளவு பணம் கொடுக்கிறார்களோ அந்த இண்டக்‌ஷன் மோட்டாரே சப்பாத்தி மாவைப் பிசைந்துவிடும். சூடாகுமோ என்ற பயம் இல்லை. அரைக் கிலோ, முக்கால் கிலோ எல்லாம் சாதாரணம். கெட்டால் பெல்ட் கெடும். அதன் விலை சொற்பம்.

குறைகளும் உண்டு. ஃபுட் பிராசசர் ஒரு நிமிடத்தில் திரட்டும் மாவுக்கு இது ஐந்து நிமிடத்துக்கு மேல் எடுக்கும். மிகக் குறைவாகப் போட்டால் கையில் சிக்காமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு சுற்றும். காலையில் இட்லி மாவு ஆட்டிய டிரம்மை மறுபடி கழுவித் துடைக்க வேண்டும், மேல்மாடி வீட்டுத் தண்ணீர் நிலவரத்தில் அது எரிச்சலான வேலைதான். காய் நறுக்காது. அதற்குக் கயிறு இழுக்கும் சின்ன சாப்பர் 300 ரூபாய்க்குக் கிடைக்கிறது, வெங்காயத்துக்கு அது மெஷினைவிட நல்லது. கோஸுக்கு அரிவாள்மனை பழகியவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

அப்படியானால் யாருக்கு எது? நல்ல மிக்ஸியும் கிரைண்டரும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் ஒன்றும் வாங்க வேண்டாம். பிசையும் கையைத் தேடி எடுங்கள். மிக்ஸி ஓய்ந்துவிட்டதென்றால் ஜாரோடு வரும் 750 வாட்ஸ் மாடல். எட்டுப் பேர் சாப்பிடும் வீடு, அல்லது வீட்டிலிருந்தே சாப்பாடு செய்து கொடுப்பவர்கள் என்றால் தனி மெஷின், உபரிக் கிண்ணத்தோடு. லண்டனிலிருந்து யாராவது சும்மா கொண்டுவந்து தந்தால் மேஜிமிக்ஸ். காசு கொடுத்து வரவழைக்கும் அளவுக்கு நம் சமையலில் அதற்கு வேலை இல்லை.

கடைசியாக, பில் போடுமுன் வாரண்டி அட்டையைக் கடையிலேயே வாசித்துவிடுங்கள். “மோட்டாருக்கு 5 வருடம்” என்று பெட்டி மேல் பெரிதாக அச்சடித்திருந்தால் அது பெரும்பாலும் மோட்டாருக்கு மட்டும்தான். ஜார், பிளேடு, கப்ளர், கார்பன் பிரஷ் போன்ற தேய்மானப் பொருட்கள் அதில் சேர்வதில்லை, கெடுவதோ இவைதான். வீட்டு உபயோகத்துக்கு மட்டும் என்ற வரியும் இருக்கும்; சாப்பாடு செய்து விற்பவர்கள் அதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. எத்தனை நிமிடம் ஓட்டலாம், எத்தனை நிமிடம் நிறுத்த வேண்டும் என்ற குறிப்பு கையேட்டில் இருக்கும். அந்தப் பக்கத்தைக் கிழித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்தாலும் தப்பில்லை.