ரெக்கார்டர் பெட்டியா, பென் டிரைவா, ஆப்பா?

சீரியலைப் பதிவில் போட்டுவிட்டு அப்புறம் சாவகாசமாகப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் ரெக்கார்டர் பெட்டியை விற்கிறார்கள். வாங்கிய பிறகுதான் புலம்பல் ஆரம்பிக்கும்.

ஹார்ட் டிஸ்க் உள்ளேயே இருக்கும் டிடிஎச் பெட்டியில் இடத்துக்குப் பஞ்சமில்லை. நொடிக்கு 8 மெகாபிட் வேகத்தில் வரும் எச்டி சேனலுக்கு மணிக்கு 3.6 ஜிபி ஆகும். 500 ஜிபி நூறு மணி நேரத்தைத் தாண்டித் தாங்கும். ஒன்றைப் பதிவு செய்தபடி இன்னொன்றைப் பார்க்கத்தான் சிக்கல். அதற்குப் பெட்டியில் இரண்டு ட்யூனர் (சேனலைப் பிடிக்கும் பாகம்) வேண்டும். பல பெட்டிகளுக்கு மாடி டிஷ்ஷிலிருந்து இரண்டு கேபிளும் வர வேண்டும். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த பையன் ஒன்றை மட்டும் இழுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டான். அம்மாவின் சீரியல் பதிவாகும் நேரத்தில் எனக்குச் செய்தி கிடையாது. கம்பெனிக்குப் போன் செய்தால், "ஃபார்மேட் பண்ணிப் பாருங்க சார்" என்கிறார்கள். ஃபார்மேட் செய்தால் பதிவு மொத்தமும் போய்விடும் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

பதிவு செய்து வைத்தவையும் நமக்குச் சொந்தமில்லை. கோப்பு அந்த ஒரு பெட்டியில்தான் திறக்கும். பெட்டி பழுதாகி மாற்றினால் பழையதெல்லாம் காலி. ரீசார்ஜ் முடிந்தாலும் பெரும்பாலும் இதே கதிதான்.

கிரிக்கெட் இன்னும் மோசம். ஆட்டம் இழுத்தால் பெட்டிக்குத் தெரியாது. அட்டவணை நேரத்துக்கு நிறுத்திவிடும், கடைசி ஓவர் போச்சு. முடிவு நேரத்தை ஒரு மணி நேரம் தள்ளி நாமே வைத்துக்கொள்ள வேண்டியதுதான். ஐப்பசி, கார்த்திகையில் அதுவும் உதவாது. டிடிஎச் வரும் கேயு அலைவரிசையைக் கனமழை விழுங்கிவிடும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அந்த மாதிரி இரவில் சிக்னலோ கரண்டோ, ஒன்று போனாலே பதிவு பாழ்.

பென் டிரைவைச் செருகிப் பதிவு செய்யும் பெட்டி விலை குறைவு. 32 ஜிபியில் எச்டி ஒன்பது மணி நேரம்கூட வராது. கட்டண டிடிஎச் என்றால் இதிலும் அதே பூட்டு. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்குக் கடையில் வாங்கும் பெட்டிகள் பலவற்றில் பூட்டில்லை. பதிவைக் கணினியில் விஎல்சி பிளேயரில் போட்டுப் பார்க்கலாம், நகல் எடுக்கலாம். சன், விஜய் மாதிரி கட்டணச் சேனல்கள் கிடைக்காதுதான். ஆனால் பேத்தி டிடி தமிழில் (2024 ஜனவரி வரை பொதிகை) பாடுகிறாள், பத்து வருஷம் கழித்தும் பார்க்க வேண்டும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சீரியல் மட்டும்தான் என்றால் சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார் போதும். ட்யூனர், கேபிள் தொல்லை இல்லை; நெட்டும் சந்தாவும் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளூர் கேபிள் சேனலில் வரும் சிதம்பரம் தேரையோ வில்லியனூர் தேரையோ இந்த ஆப்களில் தேடாதீர்கள். அந்தச் சேனல் டிடிஎச்சிலும் வராது.

நெட் சரியில்லாத வீட்டுக்கு ஹார்ட் டிஸ்க் பெட்டிதான் என்றால், பணம் கொடுப்பதற்கு முன்பே இரண்டாவது கேபிளையும் இழுக்கச் சொல்லுங்கள்.