பிரேசில் நட்ஸ்: வாங்கலாம், ஆனால் கைப்பிடிக் கணக்கு வேண்டாம்

பாக்கெட்டின் பின்பக்கம் 'தினமும் ஒரு கைப்பிடி சாப்பிடுங்கள்' என்று போட்டிருக்கிறான். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், அப்படிச் சாப்பிடாதீர்கள்.

ஆன்லைனில் கால் கிலோ வாங்கினேன், பாதாமைவிட நன்றாகவே விலை அதிகம். கட்டைவிரல் பருமனில், மூன்று பட்டையாக, பழுப்புத் தோல் அங்கங்கே ஒட்டிக்கொண்டு இருக்கும். கடித்தால் கொப்பரை மாதிரி எண்ணெய் கசியும், கடைசியில் லேசான மண் வாசனை. எனக்குப் பிடித்தது, வீட்டில் மற்றவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொண்டார்கள். பெயர்தான் பிரேசில், உலகச் சந்தைக்கு அதிகம் அனுப்புவது பொலிவியா. தோட்டத்தில் வளர்ப்பது குறைவு, பெரும்பாலும் அமேசான் காட்டில் உதிர்ந்த காய்களைப் பொறுக்கித்தான் எடுக்கிறார்கள்.

சரி, விஷயத்துக்கு வருவோம். இதை எல்லாரும் 'ஆன்டிஆக்சிடன்ட்', அதாவது ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பது, என்று விற்பது இதில் உள்ள செலினியம் என்ற தாதுவுக்காக. நாம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் செல்லுக்குள் சூப்பர்ஆக்சைடு என்ற, செல்லைக் கெடுக்கக்கூடிய கழிவு உண்டாகிக்கொண்டே இருக்கும். செம்பும் துத்தநாகமும் சேர்ந்த ஒரு நொதியும் (என்சைம்), மாங்கனீஸ் உள்ள இன்னொன்றும் அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்றுகின்றன, ஆனால் அதையும் அப்படியே விட்டுவைக்க முடியாது. அதைத் தண்ணீராக்கும் வேலையில்தான் செலினியம் உள்ள குளூட்டாதையோன் பெராக்சிடேஸ் வருகிறது, கூடவே இரும்பை வைத்து இயங்கும் கேட்டலேஸும். ஆக, செலினியம் தானாகப் போய் எதையும் அழிப்பதில்லை, நொதிக்குள் ஓர் உறுப்பாக இருக்கிறது, அவ்வளவுதான். நொதிக்கு வேண்டியது கிடைத்த பிறகு மேலே மேலே கொட்டினால் நொதி கூடப்போவதில்லை. அமெரிக்காவில் 35,000 ஆண்களுக்கு மேல் சேர்த்து நடத்திய செலக்ட் ஆய்வில் தினம் 200 மைக்ரோகிராம் செலினியம் கொடுத்தும் புரோஸ்டேட் புற்றுநோய் குறையவில்லை, 2008இல் மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது அந்தக் கைப்பிடி. ஒரு அவுன்ஸில், அதாவது ஆறேழு கொட்டையில், சுமார் 544 மைக்ரோகிராம் செலினியம் என்பது அமெரிக்க அரசுக் கணக்கு. அவர்கள் பெரியவர்களுக்குச் சொல்லும் நாள் தேவை 55, தாண்டக்கூடாத எல்லை 400. அதுவும் விளைந்த மண்ணைப் பொறுத்து ஒரு கொட்டைக்கும் இன்னொன்றுக்கும் ஏகப்பட்ட வித்தியாசம். நாள்கணக்கில் கூடினால் முடி கொட்டும், நகம் உடையும், வாயில் பூண்டு வாடை வரும். முடிக்காக வாங்கியவர்கள் கவனிக்கவும்! நாளுக்கு ஒன்று போதும். செலினியம் உள்ள முட்டை, மீன் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களுக்கு அந்த ஒன்றும் அவசியம் என்று சொல்லமாட்டேன். மல்டிவிட்டமின் போடுகிறவர்கள் அதில் செலினியம் எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சேருங்கள்.

இன்னொரு குறை. கொட்டையில் மூன்றில் இரண்டு பங்கு கொழுப்பு, சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். எனக்கு வந்த பாக்கெட்டில் அடியில் கிடந்தவை மஞ்சளடித்துக் கசந்தன. ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்க வாங்கியதே ஆக்சிஜனேற்றம் ஆகி வந்தால் என்ன செய்ய? பேக் செய்த தேதி பார்த்து 100 கிராம் மட்டும் வாங்கி, டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ஐந்துக்கு மூன்று ஸ்டார். ஒன்று சிக்கு வாடைக்காகக் குறைத்தது, இன்னொன்று பின்பக்கத்தில் அச்சடித்த அந்த வரிக்காக.